17 இலக்க எண்ணும் ஐந்து மாணவர்களும்: ஒரு தொழில்துறை ப்ராஜெக்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு மாணவர் குழு, ஒரே ஒரு நிறுவனம், 16 வாரம் கொண்ட ஒரு பருவம் பற்றிய பதிவு. நான் கல்லூரியில் அந்தக் குழுவின் கைடு; எங்கள் துறையில் தொழில்துறை ப்ராஜெக்ட்டுகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. யாருடைய பெயரையும் கொடுக்கவில்லை. நடந்ததில் என் தவறுகளும் உண்டு, அவற்றை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

எங்கள் இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பத்து வருஷத்துக்கு அடுக்கிப் பார்த்தால் நூலக மேலாண்மை, வருகைப் பதிவு, விடுதி அறை ஒதுக்கீடு என்று அதே நாலைந்துதான் சுற்றிச் சுற்றி வரும். நிரலாக்க மொழி மாறும், அட்டைப்படம் மாறும். வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்து மடிக்கணினியை மூடியதும் அந்த மென்பொருளின் ஆயுளும் முடிந்துவிடும். அதை யாரும் ஒரு நாள்கூடப் பயன்படுத்தியதில்லை. அதனால் அதில் என்ன தப்பு என்பதும் யாருக்கும் தெரிந்ததில்லை.

இத்தனைக்கும் இந்தத் துறை பிறந்ததே நிஜ வேலையின் சிக்கல்களிலிருந்துதான். ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயர் பரவலானது 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு. கெடு தாண்டி, செலவு மீறி, கேட்டதைச் செய்யாத மென்பொருள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கூடியவர்கள் அவர்கள். எங்கள் ஆய்வகத்தில் கெடுவும் நாங்களே வைப்பது, கேட்பவரும் நாங்களே.

சரி, வெளியே போவோம் என்று முடிவு செய்தோம். இயந்திரப் பராமரிப்புச் சேவை தரும் ஒரு நடுத்தர நிறுவனம் முன்வந்தது. அவர்களிடம் உதிரிபாக இருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு பழைய வலைச் செயலி இருந்தது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். நிறுவனத்தின் மேலாளர் கேட்டது வேறு: புதிதாக ஒரு மொபைல் செயலி வேண்டும், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பாகத்தின் முழு விவரமும் வர வேண்டும். வழிகாட்டியாக அங்கிருந்த ஒரு டெவலப்பரை நியமித்தார்கள். வாரம் அரை மணி நேரம் மாணவர்களோடு பேசுவார் என்பது பேச்சு.

குழுவில் ஐந்து பேர். ஐந்து பேருமே நன்றாக நிரல் எழுதக்கூடியவர்கள். நிறுவனத்துக்கு அனுப்பும் முதல் குழு என்பதால் நானே பொறுக்கி எடுத்தேன்.

1 முதல் 4 வாரம்: எல்லாம் நன்றாகப் போனது போலிருந்த காலம்

முதல் இரண்டு வாரம் ஒப்பந்தத்திலேயே கழிந்தது. எழுதும் நிரலின் உரிமை யாருக்கு, மாணவர்கள் எதையெல்லாம் தங்கள் ப்ராஜெக்ட் அறிக்கையில் போடலாம் என்ற இரண்டு கேள்விகளில்தான் இழுத்தது. உரிமை நிறுவனத்துக்கு, ஆனால் வடிவமைப்பையும் அனுபவத்தையும் அறிக்கையில் எழுதலாம் என்று முடிந்தது. இதைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அது என் வேலை. நான் செய்யவில்லை.

இரண்டாம் வாரக் கடைசியில் மாதிரித் தரவு வந்தது. திறந்து பார்த்தால் வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண் எல்லாம் அப்படியே இருந்தன. அதுவும் ஒரு மாணவரின் சொந்த மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. உடனே அழிக்கச் சொன்னேன். அடையாளங்களை மறைத்த தரவு கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டே நாளில் அனுப்பினார்கள். பெயர்களுக்குப் பதில் ‘வாடிக்கையாளர் 1’, ‘வாடிக்கையாளர் 2’. பாகங்களின் தொடர் எண்களையும் சேர்த்து மாற்றி 1001, 1002 என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அழகாக, சுத்தமாக இருந்தது. இந்தச் சுத்தம்தான் பின்னால் எங்களைக் காலை வாரியது. தரவை மறைக்கச் சொன்னது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். எதை மறைக்க வேண்டும், எதன் வடிவத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லாமல் விட்டதுதான் பிழை.

தேவை ஆவணம் 38 பக்கம் வந்தது. வரைபடங்கள், அட்டவணைகள், பயன்பாட்டுக் காட்சிகள் எல்லாம் இருந்தன. மேலாளர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் அதைப் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். படித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் அந்தச் செயலியைப் பயன்படுத்தப் போகிறவர் அவர் இல்லை.

நான்காம் வாரம் டெமோ. ஸ்கேன் செய்ததும் திரையில் பாகத்தின் படம் வந்தது. மேலாளர் ‘சூப்பர்’ என்றார். மாணவர்கள் பூரித்துப் போனார்கள். வழிகாட்டி டெவலப்பர் அதற்குள் நாலு சந்திப்புகளில் இரண்டுக்குத்தான் வந்திருந்தார், ஆனால் டெமோவின் மகிழ்ச்சியில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

5ஆம் வாரம்: ஸ்டோர் அறையில் கண்டது

திருப்பம் வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. எங்கள் அறிக்கை வடிவத்தில் ‘தற்போதுள்ள முறை’ என்று ஒரு அத்தியாயம் உண்டு. வழக்கமாக அதில் ‘தற்போதுள்ள முறை கைமுறையானது, மெதுவானது’ என்று இரண்டு பத்தி எழுதி நிரப்பிவிடுவார்கள். தரவுத்தளம் பார்த்துக்கொண்ட மாணவர் அந்த அத்தியாயத்தில் போட ஒரு புகைப்படம் எடுக்கலாம் என்று நிறுவனத்தின் ஸ்டோர் அறைக்குப் போனார்.

அங்கே ஸ்டோர் பொறுப்பாளர் கணினி முன்னால் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு நீள நோட்டை விரித்து வைத்திருந்தார். திரையைப் பார்ப்பார், நோட்டைப் பார்ப்பார், ஒரு எண்ணைத் தட்டுவார். மாணவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, கம்ப்யூட்டர்ல இருக்கிறதை எதுக்கு நோட்டுலயும் எழுதுறீங்க?”

“தம்பி, கம்ப்யூட்டர்ல கடைசி ரெண்டு நம்பர் எப்பவுமே சைபர்தான் வரும். நிஜ நம்பர் நோட்டுலதான் இருக்கு.”

நடந்துகொண்டிருந்தது இதுதான். பாகங்களைச் செய்து அனுப்பும் நிறுவனம் சில காலம் முன்பு தொடர் எண்ணை 17 இலக்கமாக மாற்றியிருந்தது. சரக்கோடு ஒரு சிஎஸ்வி கோப்பும் (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) வரும். பொறுப்பாளர் அதை எக்செல்லில் திறந்து, வந்த சரக்கோடு ஒப்பிட்டு, சேமித்து, பிறகு பழைய செயலியில் ஏற்றுவார். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளவை பூஜ்ஜியமாகிவிடும். 12345678901234567 என்ற எண்ணைத் திறந்தால் முதலில் 1.23457E+16 என்று தெரியும். அவர் செல் வடிவத்தை எண்ணாக மாற்றுவார். இப்போது 12345678901234500. சேமித்தால் கோப்பிலும் அதுவேதான். ஒரே பெட்டியில் வந்த பாகங்களுக்கு முதல் 15 இலக்கமும் ஒன்றாக இருப்பதால், எல்லாம் ஒரே எண்ணாகி, ‘ஏற்கெனவே உள்ளது’ என்று செயலி தள்ளிவிடும். அப்புறம் அவர் ஒவ்வொன்றாக நோட்டைப் பார்த்துக் கையால் தட்டுவார். சரக்கு வரும் நாளில் காலைப் பொழுது முழுக்க இந்த வேலைதான்.

யாரிடமும் சொல்லவில்லையா என்று மாணவர் கேட்டதற்கு, “கம்ப்யூட்டர்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன்” என்றாராம்.

அன்று சாயங்காலம் குழுவில் யாருக்கோ ஒரு சந்தேகம் வந்து, தங்கள் புதிய மொபைல் செயலியில் அதே எண்ணைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். திரையில் வந்தது 12345678901234568. கடைசி இலக்கம் ஏழு எட்டாகிவிட்டது. இவர்கள் ஜாவாஸ்கிரிப்ட்டில் தொடர் எண்ணை எண் வகையாக வைத்திருந்தார்கள். அந்த மொழியில் முழு எண்கள் 9007199254740991 வரைதான் பத்திரம், அதாவது 2இன் 53ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதைத் தாண்டினால் பக்கத்து எண்ணுக்கு நகர்ந்துவிடும். பூஜ்ஜியம் வந்தாலாவது ஏதோ தப்பு என்று கண்ணுக்குத் தெரியும். இது தப்பு என்றே தெரியாது.

இதற்குக் காரணம், கணினி எண்களைச் சேமிக்கும் விதத்தை வகுத்த ஐஇஇஇ 754 என்ற 1985ஆம் ஆண்டுத் தரநிலையின் 64 பிட் வடிவம். இரண்டாம் ஆண்டில் நான்தான் இவர்களுக்கு அந்தப் பாடம் எடுத்தேன். ஐந்து பேரும் தேர்வில் அந்தக் கேள்விக்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். அதுவரை 1001, 1002 என்றே சோதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பாடம் நினைவுக்கு வர வழியே இல்லை.

6ஆம் வாரம்: முடிவும் அதன் காரணங்களும்

மூன்று வழிகள் இருந்தன. மொபைல் செயலியில் இந்தப் பிழையை மட்டும் திருத்திக்கொண்டு தொடர்வது. செயலியின் அளவைப் பாதியாகக் குறைப்பது. அல்லது செயலியை அப்படியே நிறுத்திவிட்டு, பழைய வலைச் செயலியிலேயே கோப்பு ஏற்றும் பகுதியைச் சரிசெய்வது.

நான் மூன்றாவதைச் சொன்னேன். காரணங்களை அன்று இப்படி விளக்கினேன்: மொபைல் செயலியை யார் கையில் எடுக்கப் போகிறார்கள் என்று மேலாளரால் சொல்ல முடியவில்லை, ஸ்டோர் பொறுப்பாளருக்கோ இன்றைக்கே ஒரு வலி இருக்கிறது. மீதி பத்து வாரத்தில் புதிய செயலியை முடிக்கலாம், ஆனால் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முடியாது. வேலைக்குப் போனால் இவர்கள் முதலில் தொடப்போவது வேறு யாரோ எழுதி வைத்த நிரலைத்தான். அதைப் படித்து, உடைக்காமல் மாற்றும் பழக்கம் எங்கள் பாடத்திட்டத்தில் எங்குமே இல்லை.

மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. “மேடம், இதுல ப்ராஜெக்ட்டுனு காட்ட என்ன இருக்கு?” என்று குழுத் தலைவி கேட்டார். நியாயமான கேள்வி. கேம்பஸ் இன்டர்வியூவில் ‘மொபைல் செயலி செய்தேன்’ என்பதற்கும் ‘ஒரு பழைய செயலியில் கோப்பு ஏற்றும் பக்கத்தை மாற்றினேன்’ என்பதற்கும் எடை வேறு. மொபைல் இடைமுகத்தை வடிவமைத்த மாணவியின் நாலு வார உழைப்பு ஒரே நாளில் ஓரமாகப் போனது. அவர் கூட்டத்தில் எதுவும் பேசவில்லை. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பிற்பாடுதான் அது சம்மதம் இல்லை என்று தெரிந்தது.

துறையிலும் எதிர்ப்பு இருந்தது. மதிப்பீட்டுப் படிவத்தில் ‘தொகுதிகளின் எண்ணிக்கை’ (மென்பொருளின் தனித்தனிப் பகுதிகள் எத்தனை), ‘புதுமை’ என்றெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் என்ன போடுவது என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பார்த்துக்கொள்ள முடியவில்லை, அது பின்னால் வரும். இன்னொருவர், நேரம் குறைவாக இருப்பதால் வேறு குழுவிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதியதை வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு அதையே செய்ய மனம் வரவில்லை. மறுத்துவிட்டேன்.

மேலாளரிடம் சொன்னபோது கொஞ்சம் முகம் சுருங்கியது. ஸ்டோர் நோட்டின் இரண்டு பக்கப் புகைப்படத்தைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: வழிகாட்டி டெவலப்பரின் அரை மணி நேரம் வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் என்று அவருடைய நாட்காட்டியில் ஏற வேண்டும். முதல் வாரமே கேட்டிருக்க வேண்டிய நிபந்தனை.

7 முதல் 10 வாரம்: அடுத்தவர் எழுதிய நிரல்

பழைய நிரல் ஒரு ஜிப் கோப்பாக வந்தது. உள்ளே ‘நியூ’, ‘நியூ ஃபைனல்’, ‘நியூ ஃபைனல் 2’ என்று மூன்று கோப்புறைகள். எது உண்மையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆனது. சர்வரில் இருந்த கோப்புகளோடு ஒப்பிட்டபோது மூன்றுமே இல்லை, நடுவில் யாரோ நேரடியாகச் சர்வரிலேயே திருத்தியிருந்தார்கள். மாணவர்கள் சர்வர் பதிப்பை எடுத்து முதல் வேலையாக கிட்டில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) போட்டார்கள். அந்தச் செயலியின் வாழ்நாளில் அதற்குக் கிடைத்த முதல் பதிப்பு வரலாறு அது.

அதை மடிக்கணினியில் ஓட்ட ஒன்பது நாள் ஆனது. பிஎச்பி என்ற வலை நிரலாக்க மொழியில் எழுதிய பழைய நிரல்; தரவுத்தளத்தோடு பேசப் பயன்படுத்திய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகளை பிஎச்பி 7இலேயே நீக்கிவிட்டார்கள். அது வெளியானது 2015இல். ஆக, புதிய பிஎச்பியில் முதல் வரியிலேயே விழுந்தது. மாணவர்கள் அந்த வரிகளை எல்லாம் மாற்றத் தொடங்கி நாலு நாள் போராடினார்கள். ஐந்தாம் நாள் வழிகாட்டியிடம் கேட்டதும் அவர் சொன்னது: “அதைத் தொடாதீங்க. டாக்கர்ல பழைய பிஎச்பி 5.6 வெச்சு ஓட்டுங்க.” டாக்கர் என்பது ஒரு செயலியை அதற்கு வேண்டிய பதிப்புகளோடு தனியாகப் பிரித்து ஓட்டும் கருவி. அப்படிச் செய்ததும் பாதி நாளில் முடிந்தது, மீதி நாட்கள் தரவுத்தள அமைப்பைக் கண்டுபிடிக்கப் போயின. பிஎச்பி 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டன என்பதை மாணவர்களே தேடிக் கண்டுபிடித்து, ஆபத்தாக எழுதிக் கொடுத்தார்கள். அது இந்த ப்ராஜெக்ட்டின் எல்லைக்கு வெளியே என்று நிறுவனம் முடிவெடுத்தது. அந்த முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, ஆனால் எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அந்த நாலு நாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏன் முதல் நாளே கேட்கவில்லை என்றேன். “கேட்டா தெரியாதுன்னு நெனச்சுடுவாரு மேடம்” என்றார்கள். கல்லூரியில் கேட்காமல் செய்வதற்குத்தான் மதிப்பெண். நாங்கள்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

முதல் கோட் ரெவ்யூ (எழுதிய நிரலை இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பது) சுருக்கமாக முடிந்தது. மாணவர்கள் ஒரே மூச்சில் 1,800 வரிகளில் மாற்றம் செய்து அனுப்பினார்கள். வழிகாட்டியின் பதில் ஒரே வரி: ‘இதை என்னால் படிக்க முடியாது.’ நிரலை வரிசையாக அடுக்கும் கருவியை முழுக் கோப்புகளின் மேலும் ஓட்டியிருந்தார்கள். இடைவெளி மாறிய வரிகள்தான் பெரும்பாலும். உண்மையான மாற்றம் சுமார் 300 வரி. அதை ஏழு சிறு பகுதிகளாக உடைத்து மறுபடி அனுப்பினார்கள். ஐந்து உடனே ஏற்கப்பட்டன. ஆறாவதில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ‘பாதிக் கோப்பு ஏறும்போது மின்சாரம் போனால்?’ இதற்கு அவர்களிடம் பதில் இல்லை. கோப்பு முழுவதையும் ஒரே பரிவர்த்தனையாக ஏற்றும்படி மாற்றினார்கள். ஏறினால் மொத்தமும் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது. பரிவர்த்தனை பற்றியும் தேர்வு எழுதியவர்கள்தான்.

தீர்வு எளிமையானது. வந்த கோப்பை எக்செல்லில் திறக்காமல் நேராகச் செயலியில் ஏற்றலாம். செயலியே ஒரு முன்னோட்டப் பக்கத்தைக் காட்டும், பொறுப்பாளர் அங்கேயே சரக்கோடு ஒப்பிட்டுச் சரி என்று அழுத்தலாம். தரவுத்தளத்தில் தொடர் எண்ணை எண்ணாக வைக்காமல் எழுத்துச் சரமாக (வெறும் எழுத்துகளின் வரிசையாக) வைப்பது. அதைக் கூட்டப் போவதுமில்லை, பெருக்கப் போவதுமில்லை.

11ஆம் வாரம்: ஒரு திங்கட்கிழமை

ஞாயிறு இரவு புதிய பதிப்பைப் பயன்பாட்டுக்கு ஏற்றினார்கள். வழிகாட்டி கூடவே இருந்தார். முழுத் தரவுத்தளத்தையும் காப்பு எடுத்து, அந்தக் காப்பிலிருந்து மீட்க முடிகிறதா என்று இன்னொரு கணினியில் சோதித்த பிறகுதான் விட்டார். மாணவர்களுக்கு அது தேவையில்லாத கால தாமதமாகத் தெரிந்தது.

திங்கள் காலை ஒன்பதரைக்கு ஸ்டோரிலிருந்து தொலைபேசி. “லிஸ்ட் எல்லாம் கலைஞ்சு கெடக்கு தம்பி, எதுவும் கைக்கு அகப்படல.”

எண் வகையில் இருந்த பத்தியை (தரவு அட்டவணையின் நெடுவரிசையை) எழுத்துச் சரமாக மாற்றியதன் விளைவு. எண்ணாக இருந்தபோது 99871க்குப் பிறகு 100452 வரும். எழுத்துச் சரமாக மாறியதும் அகராதி வரிசை. ஒன்றில் தொடங்கும் 100452 முன்னால் போய்விடும். புதிய 17 இலக்க எண்களில் இது தெரியாது, எல்லாம் ஒரே நீளம். பழைய பாகங்களின் எண்கள் ஐந்து, ஆறு, ஏழு இலக்கமாகக் கலந்திருந்தன. பொறுப்பாளர் தேடல் பெட்டியைப் பயன்படுத்துவதே இல்லை. பட்டியலில் எந்த இடத்தில் எது இருக்கும் என்பது அவர் கைக்கு மனப்பாடம்.

பழைய பதிப்புக்குத் திரும்புவதா, இதையே திருத்துவதா? மாணவர்கள் உடனே திருத்திவிடலாம் என்றார்கள். வழிகாட்டி ஒரு மணி நேரம் கொடுத்தார்: அதற்குள் முடியாவிட்டால் காப்பிலிருந்து மீட்பு. முதலில் நீளத்தின்படி, பிறகு மதிப்பின்படி வரிசைப்படுத்தும் ஒரு வரி மாற்றம்தான். 40 நிமிடத்தில் ஏறியது. அந்த 40 நிமிடத்தில் ஸ்டோரில் இரண்டு டெக்னீஷியன்கள் பாகத்துக்காகக் காத்து நின்றார்கள். மாணவர்களில் ஒருவர் அங்கேயே, அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. “திட்டியிருந்தா பரவாயில்ல மேடம், கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தாங்க” என்றார் பிறகு.

வரிசை சரியானதும் இன்னொன்று வெளியே வந்தது. பழைய எண்களில் சில பூஜ்ஜியத்தில் தொடங்குபவை. 004512 என்பது எண் பத்தியில் இத்தனை வருஷமாக 4512 என்றுதான் இருந்திருக்கிறது. முன்னால் எத்தனை பூஜ்ஜியம் என்பது எங்குமே இல்லை. எல்லா எண்களும் ஒரே நீளம் இல்லாததால் கணக்கிட்டு நிரப்பவும் முடியாது. நிரலால் தீராத வேலை. இரண்டு மாணவர்கள் இரண்டு நாள் ஸ்டோரில் பொறுப்பாளரோடு உட்கார்ந்து, அலமாரியில் இருந்த பாகங்களின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து 212 வரிகளைத் திருத்தினார்கள்.

அந்த இரண்டு நாளில் அவர் வேலை செய்யும் விதம் பற்றி அவர்கள் எழுதி வந்த குறிப்பு நாலு பக்கம். எங்கள் 38 பக்கத் தேவை ஆவணத்தில் அதில் இருந்த ஒன்றுகூட இல்லை.

12 முதல் 16 வாரம்: விளைவு

சரக்கு வரும் நாளில் அரை நாள் பிடித்த வேலை அரை மணி நேரத்துக்கு வந்தது என்று பொறுப்பாளர் சொன்னார். நாங்கள் இரண்டு முறை நேரில் பார்த்தோம். ஒரு முறை 25 நிமிடம், மறுமுறை பெரிய சரக்கு, 50 நிமிடம். நோட்டை அவர் உடனே விட்டுவிடவில்லை. பருவம் முடியும்போதும் திரையில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். “ஒரு வருஷம் ஓடட்டும், பாப்போம்” என்றார்.

வைவாவில் எதிர்பார்த்தது நடந்தது. வெளித் தேர்வாளர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொகுதிகள் எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றார்கள். புதுமை என்ன என்றார். குழுத் தலைவி திங்கட்கிழமைக் கதையைச் சொன்னார். அவர் ஆர்வமாகக் கேட்டார், பிறகு படிவத்தில் இருந்த கட்டங்களின்படியே மதிப்பெண் போட்டார். அந்த ஆண்டு தொழில்துறை ப்ராஜெக்ட் செய்யாத இரண்டு குழுக்களைவிட இவர்களுக்குக் குறைவு. தேர்வாளரைக் குறை சொல்ல முடியாது, படிவம் எங்களுடையது. ஆறாம் வாரமே அதை மாற்றாமல் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவள் நான்.

இடைமுகம் செய்த மாணவி கடைசி வாரம் வந்து பேசினார். முடிவு தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஏழாம் வாரத்துக்குப் பிறகு தனக்கு வேலையே இல்லை, மற்றவர்கள் பிஎச்பி எழுதும்போது தான் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன் என்றார். அது உண்மை. முன்னோட்டப் பக்கத்தை வடிவமைக்க அவரை ஸ்டோருக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எழுத்து சிறியதாக இருந்து பொறுப்பாளர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் படிக்கிறார் என்பதைக் கடைசியில் கவனித்துச் சொன்னதும் அவர்தான். 14ஆம் வாரம் எழுத்தைப் பெரிதாக்கினார்கள்.

மொபைல் செயலி கிட் களஞ்சியத்தில் அப்படியே கிடக்கிறது.

அடுத்த முறை மாற்றுவது

ஒப்பந்தம் பருவத்துக்கு முன்பே முடிய வேண்டும். நிறுவனத்தின் மேலாளரோடு, மென்பொருளைத் தினமும் தொடும் ஒருவருடைய நேரத்தையும் ஒப்பந்தத்தில் கேட்கப் போகிறேன். அப்படி ஒருவரைக் காட்ட முடியாத ப்ராஜெக்ட்டை எடுக்க மாட்டேன், எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும்.

முதல் வாரத்தில் தேவை ஆவணம் வேண்டாம். ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு நாள் வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். ‘தற்போதுள்ள முறை’ அத்தியாயம் அதிலிருந்து வரும். இந்த முறை அது தற்செயலாக நடந்தது. புகைப்படம் இணையத்திலேயே கிடைத்திருந்தால் நாங்கள் 16 வாரமும் தவறான எண்களோடு ஒரு நல்ல மொபைல் செயலியைச் செய்து முடித்திருப்போம், மேலாளரும் ‘சூப்பர்’ என்றிருப்பார்.

மறைத்த தரவு கேட்கும்போது இனி ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்து அனுப்புகிறோம்: பெயரையும் தொடர்பு எண்ணையும் மாற்றுங்கள்; ஆனால் ஒவ்வொரு பத்தியிலும் நீளம், தொடக்கப் பூஜ்ஜியம், காலியான கட்டங்கள், எழுத்துப் பிழைகள் இவை அசலில் இருப்பது போலவே இருக்கட்டும். தொடர் எண்ணை மாற்றினால் அதே நீளத்தில் வேறொரு எண். இதை எழுதியது மாணவர்கள்தான்.

வேலையின் திசை நடுவில் மாறலாம் என்பதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும், மாறும்போது ஒவ்வொருவருக்கும் அடுத்து என்ன வேலை என்பதையும் அதே கூட்டத்தில் பேச வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எண்ணிய தவறை இன்னொரு முறை செய்யக் கூடாது.

மதிப்பீட்டுப் படிவத்துக்கு ஒரு மாற்று வரைவைத் துறையில் வைத்தேன். ‘தொகுதிகளின் எண்ணிக்கை’ கட்டத்தை எடுத்துவிட்டு, கோட் ரெவ்யூக்களில் வந்த கேள்விகளும் அவற்றுக்குக் குழு செய்ததும், பயன்பாட்டுக்கு ஏறிய பிறகு வந்த கோளாறுகளும் கையாண்ட விதமும் என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதை ஏற்கவில்லை, எல்லா ப்ராஜெக்ட்டும் பயன்பாட்டுக்கு ஏறாதே என்றார்கள். முதலாவதை ஒரு ஆண்டு சோதனையாக ஏற்றிருக்கிறார்கள். ‘புதுமை’ கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அதே நிறுவனத்துக்கு அடுத்த குழு போகிறது. இந்த முறை பிஎச்பி 5.6லிருந்து வெளியே வருவதுதான் வேலை. போகும் மாணவர்களுக்கு முந்தைய குழு விட்டுச் சென்றவை மூன்று: கிட் வரலாறு, டாக்கர் கோப்பு, ஸ்டோரில் உட்கார்ந்து எழுதிய அந்த நாலு பக்கக் குறிப்பு.